ஹைட்ரோகுளோரோதயசைடும் தோல் புற்றுநோயும்

ஹைட்ரோகுளோரோதயசைடு என்பது உயர் இரத்த அழுத்தத்துக்கும், உடலில் நீர் தேங்குவதால் உண்டாகும் வீக்கத்துக்கும் தரப்படும் தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கி மருந்து ஆகும். சிறுநீரகத்தின் நுண்குழல்கள் உப்பை மீண்டும் இரத்தத்துக்குள் ஈர்த்துக்கொள்வதைத் தடுத்து, உப்பையும் அதனுடன் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவது இதன் செயல். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்திலுள்ள இம்மலிவான மருந்தை நெடுங்காலம் உட்கொள்ளும் வெள்ளை நிறத்தோரிடம் மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய்கள் மிகுதியாகக் காணப்படுவது, 2017 முதலே விரிவாக அளவிடப்பட்டது.

தோற்றம்

இம்மருந்தின் வேர் சல்ஃபா மருந்துகளில் உள்ளது. கிருமித்தொற்றுக்குத் தரப்பட்ட சல்ஃபானிலமைடு, சிறுநீரில் சோடியத்தை மிகுதியாக வெளியேற்றுவதைக் கண்ட மருத்துவர்கள், 1949இல் அதை இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். பலன் இருந்தாலும் நச்சுத்தன்மை மிகுந்திருந்தது. அவ்வழியே தொடர்ந்த ஆய்வில் அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயர் குழுவினர் குளோரோதயசைடைக் கண்டறிய, அது 1958இல் விற்பனைக்கு வந்தது. அதைக் காட்டிலும் சுமார் பத்து மடங்கு வீரியமுள்ள ஹைட்ரோகுளோரோதயசைடு அடுத்த ஆண்டே வந்து சேர்ந்தது. அதுவரை ஊசியால் செலுத்தப்பட்ட பாதரசச் சேர்மங்களை நம்பியிருந்த மருத்துவத்துக்கு, வாய்வழி விழுங்கும் ஒரு சிறு மாத்திரை பெரும் விடுதலையாக அமைந்தது.

ஒளியுடன் உள்ள தொடர்பு

இம்மருந்தை உட்கொள்வோரில் சிலருக்கு வெயில் பட்ட இடத்தில் தோல் சிவந்து தடிக்கிறது என்பது தொடக்கக் காலத்திலேயே தெரிந்திருந்தது. மருந்தின் மூலக்கூறு புறஊதாக் கதிரை உறிஞ்சி, உயிரணுக்களின் மரபுப் பொருளான டி.என்.ஏ.வுக்குக் கதிரால் நேரும் சேதத்தைக் கூட்டுகிறது என்று கருதப்படுகிறது. உலகச் சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. எனினும், எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு ஆபத்து என்ற கேள்வி நிலுவையில் இருந்தது.

டென்மார்க் ஆய்வுகள்

அதற்கு விடை தரும் ஆவணங்கள் டென்மார்க்கில் இருந்தன. அங்கு 1943 முதல் புற்றுநோய்ப் பதிவேடும் 1995 முதல் மருந்துச் சீட்டுப் பதிவேடும் பேணப்படுகின்றன; ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள அடையாள எண் இரண்டையும் இணைக்கிறது. இவற்றைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வில், இம்மருந்தை எப்போதேனும் பயன்படுத்தியவர்களுக்கு உதட்டின் செதிள் உயிரணுப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 2 மடங்காகவும், மொத்தம் 1,00,000 மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு 7.7 மடங்காகவும் காணப்பட்டது. தோல் புற்றுநோய் கண்ட சுமார் 80,000 பேரை ஆராய்ந்து அடுத்து வந்த ஆய்வு, மொத்தம் 50,000 மில்லிகிராமைக் கடந்தவர்களிடம் செதிள் உயிரணுப் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 4 மடங்காகவும், மெதுவாக வளரும் அடித்தள உயிரணுப் புற்றுநோய்க்கானது 1.3 மடங்காகவும் இருப்பதைக் காட்டியது. நாளொன்றுக்கு 25 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்குபவர் ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகளில் இவ்வளவை எட்டுவார், 12.5 மில்லிகிராம் எனில் பதினோரு ஆண்டுகள் ஆகும்.

எச்சரிக்கைகளும் எல்லைகளும்

ஐரோப்பிய மருந்துகள் முகமை 2018 அக்டோபரில் எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020 ஆகஸ்டில் மருந்துக் குறிப்பேட்டைத் திருத்தியபோது, கூடுதல் ஆபத்து ஆண்டுக்கு 16,000 நோயாளிகளில் ஒருவருக்கு என்றும், 50,000 மில்லிகிராமுக்கு மேல் உட்கொண்ட வெள்ளை நிறத்தோரில் 6,700 பேரில் ஒருவருக்கு என்றும் கணித்தது. மடங்குக் கணக்கு அச்சுறுத்துவதாகத் தோன்றினாலும், உண்மையில் கூடும் எண்ணிக்கை சிறிது. தைவானில் நடந்த நாடளாவிய ஆய்வில் இத்தகைய தொடர்பே தென்படவில்லை. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் புறஊதாக் கதிரைத் தடுப்பதால், வெள்ளை நிறத்தோரிடம் கண்ட அளவை இந்தியர்க்கும் இலங்கையர்க்கும் அப்படியே பொருத்துவது தவறு.

நடைமுறை

இந்தியாவில் இம்மருந்து டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் ஆகியவற்றுடன் ஒரே மாத்திரையில் சேர்த்தும் விற்கப்படுவதால், பிரஷர் மாத்திரை என்று மட்டும் அறிந்து விழுங்குவோர் அட்டையிலுள்ள மருந்துப் பெயர்களைப் படித்துப் பார்ப்பது நல்லது. காது மடலிலோ கீழுதட்டிலோ ஆறாமல் செதிள் விட்டு நிற்கும் புண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டும்; உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும்; ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்தவர் மாற்று மருந்து பற்றி மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். கட்டுப்படாத இரத்த அழுத்தம் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் இட்டுச்செல்லும் என்பதால், புற்றுநோய்க்கு அஞ்சி எவரும் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது.