இன்னொரு முறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்

ஒரு பாட்டை எத்தனை முறை கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லலாம்?

1980இல் வெளிவந்த 'நிழல்கள்' படம் ஓடவில்லை. இளையராஜாவின் பாடல்களோ நிலைத்துவிட்டன. பேராக் ரப்பர் தோட்டத்து லயங்களிலும் வானொலியும் ஒலிநாடாவும் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தன.

அதில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய 'மடை திறந்து' பாடலை, 2006இல் யோகி பியும் ஈப்போவின் நட்சத்ரா குழுவும் 'வல்லவன்' இசைத்தொகுப்பில் சொல்லிசையாக்கினார்கள். பழைய பாட்டில் ஊறிய காதுக்கு முதல் முறை, போனதுதான் தெரியும்; வந்தது தெரியாது. மெட்டைத் தேடுகிற அவசரத்தில் சொல் நழுவிவிடும். திரும்பக் கேட்டால்தான் சொல் தாளத்தில் விழும் அழகு பிடிபடும். 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் தமிழகத்திலும் ஒலித்தது.

பழகப் பழகப் பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968இல் சோதனைகளால் காட்டினார். ஆனால், சரக்கில்லாத பாட்டு பழகினால் சலித்துவிடும். ஆகவே மறுபடி கேட்பது சலுகை அல்ல, சோதனை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் பட்டணம் வந்தன. அங்கே வளர்ந்த பிள்ளைகளின் தமிழுக்கு இந்தத் தாளம் நெருக்கமானது. முதல் முறையிலேயே "இதெல்லாம் பாட்டா?" என்று ஒதுக்கினால், அந்தப் பிள்ளைகளின் பேச்சையும் சேர்த்தே ஒதுக்குகிறோம்.