மதத் தீவிரவாதமும் அரசின் எதிர்வினையும்: திருபுவனம் வழக்கை முன்வைத்து

2019 பிப்ரவரி 5 அன்று, தஞ்சை மாவட்டம் திருபுவனத்தில் தலித் மக்கள் வாழும் பகுதியில் இஸ்லாமியப் பரப்புரை செய்தவர்களோடு பா.ம.க.வைச் சேர்ந்த ராமலிங்கம் வாக்குவாதம் செய்தார். அன்றிரவே அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். எந்த மதத்தின் பெயராலும் நியாயப்படுத்த முடியாத அக்கொலையைத் தயக்கமின்றிக் கண்டிக்கிறோம்.

அரசின் எதிர்வினை விரைவாக அமைந்தது. மார்ச் மாதமே வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. ஆகஸ்டில் 18 பேர் மீது சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் பிரிவுகளோடு குற்றப்பத்திரிகை தாக்கலானது. பாப்புலர் ஃபிரண்ட் அமைப்பினரே சதிக்குக் காரணம் என்றது முகமை. 2022 செப்டம்பர் 28 அன்று ஒன்றிய அரசு அவ்வமைப்பை ஐந்தாண்டுகளுக்குத் தடை செய்தது. 2023 மார்ச்சில் தீர்ப்பாயம் அத்தடையை உறுதி செய்தது.

இச்சட்டத்தின் கடுமையை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை இல்லாமலேயே 180 நாள்கள் வரை ஒருவரைக் காவலில் வைக்கலாம். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மையெனத் தோன்றினாலே 43டி(5) பிரிவு பிணையை மறுக்கிறது. குற்றச்சாட்டு தீர்ப்பாகிவிடாது, சிலர் மீதான வழக்கு ஒரு சமூகத்தின் மீதான சந்தேகமாகவும் மாறிவிடக் கூடாது.

ஆனால் நமது கேள்வி வேறொன்று. தகராறு தொடங்கிய பகுதியின் மக்கள் இந்த விவாதத்தில் யாராக இருக்கிறார்கள்? ஒரு தரப்புக்கு அவர்கள் மாற்றப்பட வேண்டியவர்கள். மறுதரப்புக்குக் காப்பாற்றப்பட வேண்டியவர்கள். 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் இதே பார்வை கொண்டதுதான். மதம் மாற்றப்படுபவர் சிறாராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் தண்டனை மூன்றாண்டிலிருந்து நான்காண்டாக உயரும் என்றது அது. வளர்ந்த தலித் ஆணுக்கும் தன் மதத்தைத் தானே முடிவு செய்யும் அறிவில்லை என்பதே அதன் உட்பொருள். 2004 மே மாதம் அச்சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தப் பார்வை விலகவில்லை.

இதே டெல்டாவில், 2016இல், வேதாரண்யம் வட்டம் பழங்கள்ளிமேட்டின் தலித் குடும்பங்கள் கோயில் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி உரிமை கேட்டன. மறுக்கப்பட்டபோது, இஸ்லாத்துக்கு மாறுவோம் என்று அறிவித்தன. அங்கே மதமாற்றத்தின் விதை வெளியிலிருந்து வந்ததன்று, ஊருக்குள்ளேயே இருந்தது.

பொது வழிபாட்டிடத்தில் நுழைவதையும் மத ஊர்வலத்தில் பங்கேற்பதையும் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவின்படி குற்றம். ஆயினும் இத்தகைய தகராறுகள் பெரும்பாலும் வழக்காவதில்லை. வட்டாட்சியர் அலுவலக அமைதிப் பேச்சுவார்த்தையோடு நின்றுவிடுகின்றன. மதம் மாறினாலோ, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை குறுக்கே நிற்கிறது. இந்து, சீக்கிய, பௌத்த மதங்களுக்கு வெளியே செல்பவர் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். இடஒதுக்கீட்டோடு வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பும் போய்விடுகிறது. சாதியோ போவதில்லை.

வெளியேறும் கதவுக்குக் காவல் போடும் அரசு, உள்ளே நடக்கும் கொடுமைக்குச் சமரசம் பேசுகிறது. வன்முறையில் இறங்கும் மத அமைப்புகளைச் சட்டப்படி தண்டிப்பது அரசின் கடமை. சேரியின் அவமானம் நீடிக்கும்வரை, அதை அறுவடை செய்ய ஏதாவதொரு அமைப்பு வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே, கோயில் வாசலில் தடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிப்போம். முதல் தகவல் அறிக்கை பதியும்வரை பின்வாங்காதிருப்போம்.