சிவப்பும் பச்சையுமாய் ஓர் இளமை

1987 இல் ஹருகி முரகாமியின் 'நோர்வேஜியன் வூட்' நாவல், சிவப்பு, பச்சை அட்டைகளுடன் இரு பாகங்களாக வெளிவந்து யப்பானில் பல இலட்சம் பிரதிகள் விற்பனையாயிற்று. முப்பத்தேழு வயது வத்தனபே தன் மாணவப் பருவத்தை நினைவுகூர்கிறான். காதலும் மரணமுமே கதை. அக்காலத்து மாணவர் கிளர்ச்சி தூரத்து ஓசையாகவே கேட்கிறது. பொலிசார் வேலைநிறுத்தத்தை முறியடித்ததும், முழக்கமிட்ட தலைவர்களே முதலில் வகுப்புக்குத் திரும்புவதை அவன் ஏளனத்தோடு காண்கிறான். அந்த ஏளனம் பொய்யன்று, அரையுண்மை. 1969 சனவரியில் டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் யசுதா மண்டபத்திலிருந்த மாணவரை அகற்ற 8,000க்கு மேற்பட்ட பொலிசார் தேவைப்பட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. காணியும் பங்கும் விலையேறிய 1980களில் இந்நாவலை வாங்கியோரிற் பலர், அந்நாட்களைக் காணாத இளம் பெண்கள். அப்போராட்டம் அவர்களிடம் வந்து சேர்ந்தது, இழந்த காதலொன்றின் பின்னணியாகவே.