ஏலமலைப் பெண் தொழிலாளர்: கூலி வேற்றுமையும் குடும்ப நலக் கொள்கையும்

ஏலமலைப் பெண் தொழிலாளர் என்று இங்கே குறிக்கப்பெறுவோர், தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் போடிநாயக்கனூர், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, கம்பம் முதலிய ஊர்களில் குடியிருந்துகொண்டு, மலைக்கு மேலே கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம் பகுதிகளிலுள்ள ஏலத்தோட்டங்களில் ஜீவனம் தேடும் பெண்களாவர். வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மற்றொரு மாநிலத்திலுமாக இருப்பதே இவர்களுடைய வாழ்வின் விசேஷம். தோட்டத் தொழிலாளரின் குடும்பத்தைக் காப்பதற்கென்று இந்நாட்டில் இயற்றப்பெற்ற சட்டங்கள் யாவும் தொழிலாளி தோட்டத்திலேயே வசிப்பாள் என்ற அனுமானத்தின்மேல் எழுப்பப்பட்டவை. அந்த அனுமானம் பொய்த்துப்போன இடத்தில் அவளுடைய குழந்தையையும் பிரசவத்தையும் முதுமையையும் யார் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே இவ்வரலாற்றின் சாரமாகும்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏலக்காய் 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அரசாங்கத்தின் ஏகபோகச் சரக்காக இருந்தது. பயிரிட்டவர்கள் விளைச்சலை அரசாங்கப் பண்டகசாலையில் ஒப்புவித்து, அதற்குரிய பங்கைப் பெற்றுக்கொண்டனர். காட்டைத் திருத்திப் பயிரிட முன்வந்தவர்களில் பலர் மலைக்குக் கிழக்கே மதுரைச் சீமையைச் சேர்ந்த தமிழர்கள்; அவர்களுக்குப் பின்னால் ஏறிச் சென்ற கூலியாட்களும் அவ்வாறே. மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள், 1877-இல் பூஞ்சாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜே. டி. மன்றோ என்ற ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் தோன்றியவை. அங்கிருந்து தேயிலையை இறக்குவதற்காக டாப் ஸ்டேஷனிலிருந்து போடிக்கு மேலேயுள்ள கொட்டகுடி வரை கம்பிவடம் அமைத்தார்கள். தேயிலையை அக்கம்பிவடத்துக்குக் கொண்டுவந்த மலைமேல் ரயில்பாதை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்துபோயிற்று. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோது, மலைச்சரக்கு இறங்கும் துறைமுகம் போன்ற அந்தஸ்து அவ்வூருக்குக் கிட்டியது. சரக்கு இறங்கிய வழியிலேயே ஆட்கள் ஏறினார்கள். அவர்களை ஏற்றிவிட்டவன் கங்காணி. முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து, தோட்டத்தில் வேலை வாங்கி, கூலியிலிருந்து கடனைக் கழித்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு இலங்கை, மலேயா நாடுகளின் தோட்டங்களில் நிலவியதற்கு மிகவும் நெருங்கிய உறவுடையது.

தேயிலைக்கும் ஏலத்துக்கும் ஆதியிலிருந்தே ஒரு பேதம் இருந்தது. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகையால் கம்பெனிகள் லயங்கள் என்னும் வரிசை வீடுகளைக் கட்டிக் குடும்பத்தோடு ஆட்களைக் குடியேற்றின. ஏலம் அப்படியன்று. ஆடி, ஆவணியில் தொடங்கும் காய் எடுப்பு தை வரையில், முப்பது நாற்பது நாட்களுக்கு ஒரு முறையாகச் சுற்றிவரும். தோட்டங்களும் பெரும்பாலும் சிறியவை. ஆகவே முதலாளிமார் லயம் கட்டுவதைவிட, வேலையுள்ள நாட்களில் ஆட்களை அழைத்துக்கொள்வதையே விரும்பினர். சாலை வராத காலத்தில் அடிவாரத்துப் பெண்கள் அரிசி, பருப்பைச் சுமந்துகொண்டு ஒற்றையடிப் பாதையில் ஏறி, வாரக்கணக்கில் மேலே தங்கிவிட்டு இறங்கினார்கள். மோட்டார் சாலையும் ஜீப்பும் வந்த பிறகு அது அன்றாடப் போக்குவரத்தாயிற்று.

இந்தப் பேதத்தின் விளைவைச் சட்டத்தில் காணலாம். சென்னை மாகாணத்தில் 1934-ஆம் ஆண்டின் பிரசவ உதவிச் சட்டம் ஆலைகளில் வேலைசெய்த பெண்களைக் கருதி இயற்றப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, வைத்தியம், பள்ளிக்கூடம் ஆகியவற்றோடு, 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்றும் விதித்தது. உலகில் அக்காலத்தில் வழங்கிய தொழிற்சட்டங்களோடு ஒப்பிட்டால் இது மிகவும் உதாரமான சட்டமே. ஆனால் அது பெயர் சொல்லிக் குறித்த பயிர்கள் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா என்பவை. ஏலம் அவற்றில் இல்லை. 1981-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே ஏலத்தின் பெயர் சட்டத்தில் ஏறிற்று. நிலத்தின் அளவு 5 ஹெக்டேராகவும், ஆட்களின் எண்ணிக்கை 15 ஆகவும் குறைக்கப்பட்டன. 20 குழந்தைகள் இருந்தாலும் காப்பகம் வேண்டும் என்று சேர்க்கப்பட்டது. முப்பதாண்டு தாமதித்து வந்த இந்தத் திருத்தமும், குழந்தையைத் தாய் தோட்டத்துக்கு எடுத்து வருவாள் என்றே எண்ணியது. மலைப்பாதையில், நெருக்கிப் பிடித்து ஏற்றிய ஜீப்பில், விடிவதற்கு முன் எந்தத் தாய் கைக்குழந்தையைத் தூக்கிச் செல்வாள்?

இடையில் 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு நிகழ்ந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழர் பெருந்தொகையினராக இருந்தும், அவர்களில் பலர் தோட்ட வேலைக்காக வந்துபோகும் ஜனங்கள் என்ற காரணத்தையும் எடுத்துக்காட்டி, எல்லைகளை ஆராய்ந்த பசல் அலி கமிஷன் அத்தாலுகாக்களை மலையாளப் பகுதியோடு சேர்க்கச் சொல்லிற்று. அத்தீர்ப்பின் நியாய அநியாயங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், வந்துபோகிறவள் என்ற ஒரே காரணத்தால் ஒருத்தி கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும் விந்தை, ராஜ்ய எல்லை வகுத்தபோதும் தொழிற்சட்டம் வகுத்தபோதும் ஒருங்கே நேர்ந்தது என்பதைக் கவனியாமல் இருக்க முடியவில்லை.

கூலியின் வரலாறு குடும்பத்தின் வரலாற்றோடு பின்னிக் கிடப்பது. 1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியைக் கணிக்கும்போது ஒரு சம்பாத்தியக்காரனை நம்பி, அவனையும் சேர்த்து, மூன்று நுகர்வு அலகுகள் உள்ளன என்று கொள்ளவேண்டும் என்றும், மனைவி மக்களின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றும் நிர்ணயித்தது. தோட்ட முதலாளிகளோ, தங்கள் தோட்டங்களில் கணவனும் மனைவியுமாக இருவரும் உழைப்பதால் ஆளுக்கு ஒன்றரை அலகு போதும் என்று வாதித்தனர். தோட்டக் கூலி மற்றத் தொழில்களின் கூலியைவிடத் தாழ்ந்தே கிடந்ததற்கு அவ்வாதமும் ஒரு காரணம். பெண் உழைக்கிறாள் என்பதைக் காட்டி ஆணின் கூலியையும், அவள் துணைச் சம்பாத்தியக்காரி என்பதைக் காட்டி அவள் கூலியையும் குறைக்கும் இந்தத் தர்க்கத்தின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஆண் பெண் நாட்கூலி சமமானது 1984-இல். இந்தியாவில் சம ஊதியச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது.

ஆயினும் ஏலக்காட்டில் அச்சட்டத்தின் வாசகத்துக்குப் பழுது வராமலே வேற்றுமை நிலைத்தது. களையெடுப்பும் காய் எடுப்பும் பெண்களின் வேலை. மருந்தடிப்பு, கவாத்து, மூட்டை சுமப்பது, ஸ்டோரில் காயை உலர்த்துவது ஆகியவை ஆண்களின் வேலை. வேலைக்கு வேலை கூலி வேறு. ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்வது. முற்றியும் வெடிக்காமலும் இருக்கும் காயை மட்டும் தேர்ந்து கிள்ளுவதற்குப் பெண் நாள் முழுவதும் குனிந்தோ குந்தியோ இருக்கவேண்டும், அதுவும் மழையிலும் அட்டைக்கடியிலும். இவ்வளவு தேர்ச்சி வேண்டிய வேலை சாதாரண வேலையென்றும், மருந்துக் குழாயைப் பிடிப்பது விசேஷ வேலையென்றும் வகுத்தவர்கள் யார் என்று கேட்டால், வழக்கம் என்பதே பதில். இறங்கிய சரக்கைப் போடிக் கிடங்குகளில் பருமனும் பச்சையும் பார்த்துத் தரம் பிரிப்பவர்களும் பெண்களே. 1966-இல் ஏலக்காய் வாரியமும், 1987-இல் நறுமணப் பொருள் வாரியமும் தோன்றி, போடியிலும் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடைபெறும் இக்காலத்திலும், கிடங்குப் பெண்களின் கூலியைப் பற்றிய பேச்சு அந்த ஏலக்கூடங்களில் எழுவதில்லை.

ஜீப்பு வந்ததோடு கங்காணி மறைந்துவிடவில்லை. ஜீப்பு ஓட்டுகிறவனும் ஆள் சேர்க்கிறவனுமாக உருமாறினான் என்று சொல்லலாம். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தேவாரத்துக்கு நேர்மேலே சாக்கலூத்து மெட்டு வழியாக ஒரு சாலை வேண்டும் என்று அவ்வூரார் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். இடையில் காடு கிடப்பதால் அது தடைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆகவே தேவாரத்துப் பெண், வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய மலைக்குப் போடியையோ கம்பத்தையோ சுற்றிச் செல்லுகிறாள். அந்தச் சுற்று அவளுடைய உறக்கத்தில் கைவைக்கிறது.

தோட்டம் ஏற்க மறுத்த பொறுப்பில் ஒரு பங்கைத் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்றுக்கொண்டது, ஆனால் தோட்டத் தொழிலாளியை மனத்தில் கொண்டு அவ்வாறு செய்யவில்லை. உலக வங்கியின் துணையோடு 1980-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் கால்வைத்தது அக்காலத்து மதுரை மாவட்டத்திலேதான். தேவாரமும் போடியும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1982-இல் எம்.ஜி.ஆர். அரசாங்கத்தின் சத்துணவும், 1987-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் பிரசவ உதவியும் வந்தன. அவ்வுதவி 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. இவற்றின் பெருமை ஒன்று உண்டு: உன் முதலாளி யார், நீ எத்தனை நாள் வேலைசெய்தாய் என்று இவை கேட்பதில்லை. 1961-ஆம் ஆண்டின் பிரசவ நலச் சட்டம் அக்கேள்விகளை முதலில் கேட்டது. 2017-இல் அச்சட்டம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியபோது, நகரத்து உத்தியோகஸ்திரீகள் அடைந்த பயனில் ஒரு துளியும் செக்ரோல் என்னும் தோட்டப் பதிவேட்டில் பெயரில்லாத ஏலக்காட்டுப் பெண்ணை எட்டவில்லை.

ஆனால் ஊரோடு ஒட்டிய கொள்கைக்கு ஊரின் கடிகாரமே கடிகாரம். அங்கன்வாடி திறப்பது வெயில் ஏறிய பிறகு; ஜீப்பு கிளம்புவது கருக்கலில். நடுவிலுள்ள நேரத்தையும், அங்கன்வாடி சேர்க்காத பிராயத்துக் குழந்தையையும் பாட்டியே ஏற்கிறாள். பாட்டியில்லாத வீட்டில் மூத்த பெண் ஏற்கிறாள், பள்ளிக்கூடத்தை விட்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், என் அபிப்பிராயத்தில், இவ்வட்டாரத்துக்கு வந்த குடும்பக் கொள்கைகளில் காலமறிந்து செய்யப்பட்ட ஒன்று. 2021-இல் வந்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அவ்வாறு வாய்க்கவில்லை. அது நகரப் பேருந்தோடு நின்றுவிடுவது, மலைக்குப் போகும் ஜீப்பில் ஏறாது. 2023 செப்டம்பரில் மாதந்தோறும் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, வேலையில்லாத மாதங்களில் கடைக்கடனை அடைக்கும் சாதனமாகிறது.

இவ்வட்டாரத்தின் குடும்பக் கொள்கையைச் சொல்லுமிடத்துப் பெண்சிசுக் கொலையைச் சொல்லாமல் தாண்ட இயலாது. 1992-இல் சேலத்தில் ஏற்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தேனி மாவட்டத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பெண் சம்பாதிக்கும் இடத்தில் பெண் சிசு பாரமாகக் கருதப்படாது என்று பொருளாதார வல்லுநர் எதிர்பார்ப்பதுண்டு. கூலி பெண்ணின் கையில் வந்தும், வரதட்சிணைப் பயம் நீங்காத வரையில் அவ்வெதிர்பார்ப்பு பலிக்கவில்லை என்பதற்கு இப்பகுதி ஓர் உதாரணம்.

சோதனைக் காலங்களில் இக்குடும்பங்கள் தாங்கி நின்ற விதமும் ஊரைச் சார்ந்ததே. முல்லைப்பெரியாறு விவாதம் முற்றிய 2011 டிசம்பரில், மலைமேல் வேலைசெய்த தமிழர் பலர் தாக்குதலுக்கு அஞ்சிக் குழந்தைகளோடு காட்டுப்பாதைகளில் இறங்கி அடிவாரத்து ஊர்களை அடைந்தார்கள். 2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாக எல்லை அடைபட்டபோது ஜீப்புகள் மாதக்கணக்கில் நின்றன. இரண்டு முறையும் அடுப்பெரித்தது ரேஷன் அரிசியும், சுய உதவிக் குழுக் கடனும், உள்ளூரில் கிடைத்த நூறு நாள் வேலையும், திராட்சை வாழைத் தோட்டங்களின் சொற்பக் கூலியும். இதைச் சகிப்புத்தன்மை என்று புகழ்வோர் உளர். கடன் வளர்ந்து நகை அடகுக்குப் போனதையும் அப்புகழ்ச்சியோடு சேர்த்து எழுதுவது நேர்மையாகும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலம் போனது சரித்திரத்தில் காணாத விலை. காய் எடுத்தவளின் நாட்கூலி அதனோடு ஏறவில்லை.

கூலி ஏறிய சந்தர்ப்பம் வேறு. 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்த் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், போனஸ் குறைப்பை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கிவைத்துவிட்டு, பெம்பிளை ஒருமை என்ற பெயரால் சாலையில் அமர்ந்தார்கள். அதன் பயனாக அக்டோபரில் கேரளத் தோட்டங்களின் கூலி திருத்தப்பட்டபோது தேயிலைக்கு 232 ரூபாயிலிருந்து 301 ஆகவும், ஏலத்துக்கு 267 ரூபாயிலிருந்து 330 ஆகவும் உயர்ந்தது. லயத்தில் அண்டை அண்டையாகக் குடியிருந்ததால் அவர்களால் ஒன்று கூட முடிந்தது. பல தோட்டங்களுக்குப் பல ஜீப்பில் பிரிந்து போகும் தேவாரத்துப் பெண்கள், அப்போராட்டத்தின் பயனை வாங்கிக்கொண்டார்களேயன்றி அதுபோன்ற ஒன்றை நடத்தும் வாய்ப்பைப் பெறவில்லை.

2025 நவம்பரில் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமுலுக்கு வந்தபோது, 1951-ஆம் ஆண்டுச் சட்டமும் பிரசவ நலச் சட்டமும் அவற்றில் கரைந்தன. மலைமேலும் காட்சி மாறிவருகிறது. அஸ்ஸாம், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்த தொழிலாளர் தோட்டக் குடியிருப்புகளிலேயே தங்கி வேலை செய்கின்றனர். அந்தந்த நாளில் ஜீப்பை எதிர்பாராத ஆட்கள் என்பதால் முதலாளிமார் அவர்களை நாடுகின்றனர். பழைய சட்டம் கற்பனை செய்த, தோட்டத்திலேயே குழந்தையோடு வசிக்கும் தாய், எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஏலக்காட்டில் உண்மையாகவே இருக்கிறாள். அவளுக்கு அடிவாரத்தில் பாட்டி வீடு கிடையாது. ஆகவே காப்பகம் பற்றிய கேள்வி இனி மலைமேலேயே கேட்கப்பட வேண்டியதாகிறது.