புள்ளியா, கோளா?

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை நேரடியாகப் படமெடுப்பதில் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, ஒளி வேறுபாடு. இளங்கோள்கள் தோன்றிய காலத்து வெப்பத்தால் அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. எனினும் அவ்வொளி தாய் விண்மீனின் ஒளியில் இலட்சத்தில் ஒரு பங்கோ அதனினும் குறைவோதான். இரண்டாவது தடை இதனினும் நுட்பமானது. விண்மீனை மறைத்த பின்னரும், கருவியின் ஆடிகளிலுள்ள நுண்குறைகளால் சிதறிய ஒளி பல புள்ளிகளாக எஞ்சுகிறது. அவை ஒவ்வொன்றும் கோளைப் போலவே தோற்றமளிக்கும்.

இதற்கான விடை வேறொரு தேவைக்காகப் பிறந்த கருவியிலிருந்து கிடைத்தது. பிரான்சின் ஜார்ஜ் கூர்த்தே முன்வைத்த நுண்வில்லை அணி, 1987இல் ஹவாய்த் தீவின் மௌனா கேயா சிகரத்தில் 'டைகர்' கருவியாகச் செயற்பட்டது. விண்மீன் திரள் போன்ற பரந்த பொருள்களின் படத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நிறமாலையை அது தந்தது. 2002இல் வில்லியம் ஸ்பார்க்ஸ், ஹாலந்து ஃபோர்ட் ஆகிய இருவரும் இம்முறையின் வேறொரு பயனைச் சுட்டினர்: அலைநீளம் கூடக்கூடச் சிதறற்புள்ளிகள் விண்மீனிலிருந்து விலகி நகரும்; கோளோ நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே நிறமாலையே போலியை மெய்யினின்று பிரிக்கும்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஜேம்ஸ் லார்கின் தலைமையில் உருவான 'ஒசைரிஸ்' என்னும் அகச்சிவப்பு நிறமாலைமானி 2005இல் கெக் தொலைநோக்கியில் இயங்கத் தொடங்கியது. கோள்களுக்கெனவே அமைக்கப்படாத அக்கருவியைக் கொண்டு, எச்.ஆர். 8799 சி என்னும் கோளின் வளிமண்டலத்தில் நீராவியும் கார்பன் மோனாக்சைடும் இருப்பதை 2013இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

அதே குழு அடுத்து அமைத்த நிறமாலைமானி, கோள்களுக்கெனவே உருவான 'ஜெமினி பிளானட் இமேஜர்' கருவியில் இடம்பெற்றது. அறை வெப்பநிலையிலுள்ள பொருள்களும் அகச்சிவப்புக் கதிர்களை உமிழ்வதால், நிறமாலைமானி வெற்றிடக் கலத்துள் கடுங்குளிரில் வைக்கப்பட்டது. 2013 நவம்பரில் சிலி நாட்டிலுள்ள 8.1 மீட்டர் ஜெமினி தெற்குத் தொலைநோக்கியில் அது முதல் ஒளியைப் பெற்றது.

2015இல் அறிவிக்கப்பட்ட 51 எரிடானி பி, இம்முயற்சியின் பயனை உணர்த்துகிறது. ஒரு புள்ளி விண்மீனோடு சேர்ந்தே நகர்கிறதா என்பதை அறியக் காலம் கடத்திக் காத்திருந்து மீண்டும் நோக்குவதே வழக்கம். இங்கோ, அந்த அளவீடு வருமுன்னரே நிறமாலையில் மீத்தேனின் தடம் தெளிவாகத் தெரிந்தது. விண்மீனின் வெப்பத்தில் மீத்தேன் நிலைத்திராது; எனவே அப்புள்ளி தொலைவிலுள்ள பின்புல விண்மீன் அன்று. கோளின் இயல்பை ஆராயவேண்டிய நிறமாலை, அது கோளே என்பதற்கும் வலுவான சான்றாயிற்று.