கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சுவர்

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க படுக்கையறைச் சுவருக்கு மோவ் நிறம் அடிச்சோம். ஷேட் கார்டைப் புரட்டி மனைவி தேர்ந்தெடுத்தது. ரோஜாவும் சாம்பலும் கலந்த மாதிரி ஒரு மெல்லிய ஊதா. போன மழைக்காலத்துல ஜன்னலுக்குக் கீழே ஓதம் ஏறி, ரெண்டடி அகலத்துக்கு பட்டி உரிஞ்சு விழுந்துடுச்சு. நல்லவேளை, பழைய டப்பா மூடியில ஷேட் நம்பர் இருந்தது. அதே நம்பர், அதே கடை. ஒரு லிட்டர் கலந்து வாங்கிட்டு வந்து அடிச்சா, காய்ஞ்ச பிறகு புது இடம் மட்டும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தனியாத் தெரியுது.

பெயின்டர் அண்ணன் அலட்டிக்கவே இல்லை. "நம்பர் டப்பாவுக்குத்தான் ஸார். சுவத்துக்குக் கிடையாது" என்றார்.

ஒரே நம்பருக்கு ஒரே நிறம் வரணும் என்று நம்பும் தொழிலில் இருப்பவன் நான். அதனால் இந்த மோவ் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தெரிந்தது இதுதான்: இந்த நிறம் பிறந்ததிலிருந்தே ஒரு இடத்தில் நின்றதில்லை.

மோவ் என்பது பிரெஞ்சுச் சொல். மால்லோ என்கிற செடியின் பூவுக்கு அங்கே அந்தப் பெயர். நம்ம பருத்தி, வெண்டை, செம்பருத்தி எல்லாம் அதே குடும்பம்தான். தமிழில் இதற்கு ஏற்கனவே அழகான பெயர் உண்டு. புடவைக் கடையில் 'கத்தரிப்பூ கலர்' என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். ரெண்டுமே பூவிலிருந்து வந்த பெயர்கள். ஆனால் மோவ் என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது பூ இல்லை, தார்.

1856, லண்டன். வில்லியம் ஹென்றி பெர்கினுக்கு வயது 18. ராயல் காலேஜ் ஆஃப் கெமிஸ்ட்ரியில் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியப் பேராசிரியரிடம் உதவியாளர். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முடியுமா என்பது அவர்கள் முன்னிருந்த கேள்வி. (அதே கொய்னா தேவைதான் சில வருஷம் கழித்து நம்ம நீலகிரியில் சின்கோனா மரங்களை நட வைத்தது.) ஈஸ்டர் விடுமுறையில் பெர்கின் தன் வீட்டு மாடியில் இருந்த சின்ன ஆய்வகத்தில் சோதனை செய்தார். தாரிலிருந்து கிடைக்கும் அனிலினோடு பொட்டாசியம் டைக்ரோமேட்டைச் சேர்த்தார். கொய்னா வரவில்லை. கறுப்பாக ஒரு கசடு வந்தது. அதை ஆல்கஹாலில் கரைத்தபோது வந்தது பளிச்சென்ற ஊதா. துணியில் தோய்த்தால் ஒட்டிக்கொண்டது.

இந்த மாதிரி 'தோல்விகளை' நாம் பெரும்பாலும் குப்பையில் கொட்டிவிடுவோம். பையன் கொட்டவில்லை. ஸ்காட்லாந்தில் பெர்த் நகரத்துச் சாயப்பட்டறைக்கு மாதிரி அனுப்பினார். அப்போது சந்தையிலிருந்த லைலாக் சாயங்களைவிட இது நன்றாகத் தாங்குகிறது என்று பதில் வந்தது. அந்த ஆகஸ்டிலேயே காப்புரிமை எடுத்தார். கட்டடத் தொழில் செய்த அப்பா பணம் போட, அண்ணனும் சேர்ந்துகொள்ள, 1857-ல் லண்டனுக்கு வெளியே கிரீன்ஃபோர்டில் தொழிற்சாலை எழுந்தது. 1858 ஜனவரியில் மகள் கல்யாணத்துக்கு விக்டோரியா ராணி மோவ் நிறத்தில் வந்தார். பிறகு ஊரே அந்த நிறத்தைக் கட்டியது.

இங்கே ஒன்று கவனிக்கணும். பெர்கின் சாயத்தில் தோய்த்த பட்டு நல்ல அழுத்தமான ஊதா. எங்க வீட்டு ஷேட் கார்டில் இருக்கும் சோகையான நிறம் இல்லை. 1859-லேயே மெஜந்தா வந்துவிட்டது. அடுத்தடுத்து வேறு செயற்கை ஊதாக்களும் வர, அசல் மோவ் சந்தையை விட்டுப் போனது. அந்தக் காலத்து அனிலின் சாயங்களில் பல வெயிலில் வெளுப்பவை. வில்லியம் மாரிஸ் 1870-களில் தாமஸ் வார்டிலோடு சேர்ந்து பழைய இயற்கைச் சாயங்களுக்கே திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். அசலைப் பார்த்தவர்கள் குறையக் குறைய, பெயர் மட்டும் மிஞ்சி மெல்ல மெல்ல வெளிர் நிறத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. துணி மட்டுமில்லை, சொல்லும் வெளுத்துப்போச்சு.

சரி, சுவருக்கு வருவோம். சாயம் நீரில் கரையும், நூலுக்குள் இறங்கும். சுவரில் நூல் ஏது? பெயின்டுக்கு வேண்டியது கரையாத பொடி, அதாவது நிறமி. சாயத்தை ஒரு வெள்ளைப் பொடியில் ஏற்றி நிறமியாக்கும் பழைய முறை ஒன்று உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் 'லேக்' என்று பெயர். ஏரி இல்லை, நம்ம அரக்கைக் குறிக்கும் 'லாக்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1859-ல் கோபால்ட் ஊதாவும், 1868-ல் மாங்கனீசு ஊதாவும் நிறமிகளாகவே வந்தன. ஆனால் விலை அதிகம், நிறமேற்றும் சக்தி குறைவு. ஓவியர்களுக்குச் சரி, வீடு முழுக்க அடிக்கக் கட்டுபடியாகாது.

அதனால் அந்தக் காலத்தில் ஒரு அறை முழுக்க ஊதா வேண்டுமென்றால் நேரான வழி ஒன்றுதான்: சுவருக்கே துணி கட்டுவது. அப்படி ஒரு அறை உலகப் புகழ் பெற்றது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே ஜார்ஸ்கோயே செலோவில் உள்ள அலெக்சாண்டர் அரண்மனையின் மோவ் அறை. 1894-ல் இரண்டாம் நிக்கலஸ் மன்னரை மணந்த அலெக்சாண்ட்ராவுக்காக ரோமன் மெல்ட்சர் வடிவமைத்தது. சுவர் முழுக்க மோவ் பட்டு, வெளிர்நிறம் பூசிய மர வேலைப்பாடு. அரசி தன் பொழுதில் பெரும்பகுதியைக் கழித்த அறை அது. 1917 புரட்சிக்குப் பின் ஆகஸ்டில் சைபீரியாவுக்கு அனுப்பப்படும் வரை குடும்பம் அந்த அரண்மனையில்தான் காவலில் இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அந்த அரண்மனையைப் பிடித்து வைத்திருந்தது. போருக்குப் பின் கட்டடம் சோவியத் கடற்படைக்குப் போனது. மோவ் அறை மிஞ்சவில்லை. பல வருஷ வேலைக்குப் பிறகு 2021 ஆகஸ்டில் மறுபடி உருவாக்கித் திறந்தார்கள். எந்த மோவை வைத்து? அறையே இல்லை, நம்பர் எழுதிய டப்பா மூடியும் இல்லை. மிஞ்சிய துணி மாதிரிகளும், 1917-ல் எடுத்த ஆட்டோகுரோம் வண்ணப் படங்களும் கைகொடுத்தன. ஆட்டோகுரோம் என்பது உருளைக்கிழங்கு மாவுத் துகள்களுக்கு ஆரஞ்சு, பச்சை, ஊதாச் சாயமேற்றிக் கண்ணாடியில் பரப்பி எடுக்கும் படம். அறையின் ஊதாவுக்குச் சாட்சி சொன்னதே இன்னொரு ஊதாச் சாயம்தான்!

மலிவான, உறுதியான ஊதா நிறமிகள் வந்தது 1950-களில்தான். டையாக்சசின் ஊதாவும் குயினாக்ரிடோனும் அந்தப் பத்தாண்டில் சந்தைக்கு வந்தவை. டைட்டானியம் வெள்ளையில் இவற்றைத் துளித்துளியாக விட்டால் இன்றைய மென்மையான மோவ் கிடைக்கும். கூடவே கொஞ்சம் சிவப்பு ஆக்சைடும் கறுப்பும் சேர்த்தால் அந்தச் சாம்பல் சாயல்.

எங்க சுவர் ஒட்டாததற்குக் காரணமும் இந்தத் துளிக்கணக்கில்தான் இருக்கு. அடர்ந்த நிறத்தில் நிறமி நிறைய இருப்பதால் மேலே கொஞ்சம் வெயிலில் சிதைந்தாலும் தெரியாது. வெளிர் நிறத்தில் இருப்பதே சொற்பம். அதில் கொஞ்சம் போனாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதிலும் டையாக்சசின் ஊதா வெளுக்க வெளுக்கத் தாங்கும் திறன் குறையும். ஜன்னலோரச் சுவர் மூணு வருஷ வெயிலும் தூசியும் வாங்கி வேறொரு மோவாகியிருந்தது. டப்பாவில் வந்ததோ பழைய மோவ்.

கடைசியில் அண்ணன் சொன்ன வழியைத்தான் செய்தோம். ஒட்டுப்போடாமல், ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை அந்த ஒரு சுவரை மட்டும் முழுசா அடிச்சோம். மூலையில் எப்படியும் வெளிச்சம் மாறுவதால் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடுவதில்லை. இப்போ ரெண்டு சுவரும் ரெண்டு மோவ். எனக்கும் பெயின்டருக்கும் மட்டும்தான் தெரியும்.