கிரான்லி

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கில்ட்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவில் உள்ள பேரூர். மக்கள்தொகை 11,000-க்கு மேல். ‘இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமம்’ என்று ஊரார் சொல்லிக்கொள்வதுண்டு. லான்சிங், காட்டிங்ஹாம், கிட்லிங்டன் ஆகிய ஊர்களும் இதே உரிமையைக் கோருகின்றன. எதைக் கிராமம் என்பது என்பதிலேயே கருத்தொற்றுமை இல்லாததால் வழக்கு நீடிக்கிறது.

1086-ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக்கணக்கில் இவ்வூர் தனியே இடம்பெறவில்லை. பெயர் முதலில் காணப்படுவது 1166-ஆம் ஆண்டு அரசு வரவுக் கணக்கில். 16-ஆம் நூற்றாண்டில் அருகிலுள்ள வாச்சரியில் இரும்பு உருக்கப்பட்டது.

புனித நிக்கோலஸ் ஆலயத் தூணொன்றில் பூனைமுகம் ஒன்று இளித்தபடி செதுக்கப்பட்டுள்ளது. லூயிஸ் கரோலின் செஷயர் பூனைக்கு இதுவே மூலம் என்பர். ஆனால் கரோலின் குடும்பம் கில்ட்ஃபோர்டில் வீடு எடுத்தது 1868-இல்; ‘ஆலிஸ்’ கதை அச்சானதோ 1865-இல். அவர் முன்பே இங்கு வந்திருக்கலாம் என்போரும் உளர். இந்தப் பெருமைக்கு வேறு ஊர்ப் பூனைகளும் போட்டியிடுகின்றன.

கிரான்லியின் பெயர் வெளியூர்களில் பரவக் காரணம் 1859-இல் தோன்றிய மருத்துவமனை. அக்காலத்தில் கில்ட்ஃபோர்டில் பொது மருத்துவமனை இல்லை. அங்கு ஒன்று திறந்தது 1866-இல்தான். கை கால் முறிந்த கூலியாட்களை லண்டன்வரை கொண்டுசெல்வது வழியிலேயே உயிரைப் பறிக்கலாம். ஊர் மருத்துவர் ஆல்பர்ட் நேப்பர், பங்குக் குரு சேப்ட் வாடகையின்றிக் கொடுத்த பழைய மரச்சட்ட வீட்டில் ஆறு படுக்கைகளுடன் சிகிச்சை தொடங்கினார். நோயாளிகள் தத்தம் வசதிக்கேற்ப வாரந்தோறும் சிறுதொகை கட்டினர். நகரத்து அறக்கட்டளை மருத்துவமனைகளின் இலவச முறைக்கு இது மாறானது. நேப்பர் இம்முறையை விளக்கி நூலும் எழுதினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் நாடெங்கும் இத்தகைய சிறு மருத்துவமனைகள் நூற்றுக்கணக்கில் எழுந்தன. இதுவே முதலாவது என்று பெரும்பாலோர் கருதினாலும், முன்னோடிகள் சில இருந்தன எனச் சில வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அந்த வீடு இன்றும் நிற்கிறது.

1816-இல் திறக்கப்பட்ட வே–அருண் கால்வாய்க்கு வாச்சரிக் குளத்திலிருந்து நீர் விடப்பட்டது. 1865 அக்டோபரில் கில்ட்ஃபோர்டு–ஹார்ஷம் இரயில்பாதை வந்தது. 1871-இல் கால்வாய் கைவிடப்பட்டது. கிரான்லி பள்ளியும் 1865-இல் தொடங்கியதே. ‘கிரான்லி’, ‘கிராலி’ என்னும் இரு ஊர்களின் பெயர்கள் குழம்பியதால் 1860-களில் இவ்வூர்ப் பெயரின் எழுத்துக்கூட்டு மாற்றப்பட்டது. கடைத்தெருவின் மேப்பிள் மரவரிசையை முதல் உலகப் போரின்போது அருகே தங்கியிருந்த கனடியப் படையினர் நட்டதாகக் கூறுவர். இலையுதிர் காலத்தில் அது காணத்தக்கது.

1965 ஜூனில் இரயில் நின்றது. பாதையின் தடம் இப்போது ‘டவுன்ஸ் லிங்க்’ எனும் நடைவழி, மிதிவண்டிவழி.

நூலகம், நீச்சல்குளத்துடன் கூடிய விளையாட்டு மையம், பழைய பள்ளிக் கட்டடத்தில் இயங்கும் கலை மையம், வியாழன் சந்தை, கிரிக்கெட் ஆடும் பொதுத்திடல் ஆகியவை உண்டு. அண்மை ஆண்டுகளில் ஊரெல்லையில் புதுக் குடியிருப்புகள் பெருகியுள்ளன. இரயில் திரும்பவில்லை, கில்ட்ஃபோர்டுக்குப் பேருந்தே பொதுப் போக்குவரத்து.